அர்ஜுனனுக்குச் சாரதி தேவை

நான் துபாய்க்குப் போகிறேன் என்றதும் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் ஆறு பேர் ஆறு சாமான் சொல்லிவிட்டார்கள். குங்குமப்பூ, தலைவலித் தைலம், பேரீச்சம்பழம், அத்தர், இன்னொரு தைலம், மறுபடியும் குங்குமப்பூ. எதற்காகப் போகிறாய் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தேரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கோயில் தேர் இல்லை, போர்த்தேர்.

நான் திருநெல்வேலியில் சரித்திரம் நடத்துகிறவள். எகிப்தியர் தேர், கிரேக்கர் தேர், ரோமாபுரிப் பந்தயத் தேர், நம் புராணத் தேர் எல்லாவற்றையும் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். அதைக் காசு கொடுத்து வாங்கினவர்கள் அத்தனை பேரையும் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், அவ்வளவு பேர்தான். அதில் ஒருவர் ஷார்ஜாவில் இருக்கிற நடராஜன். காரைக்குடிக்காரர், கட்டட இன்ஜினியர், ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். ஆண்டு விழாவில் பாரதப் போர் நாடகம் போடுகிறோம், அதற்கு முன்னால் நீங்கள் அரை மணி நேரம் தேர்களைப் பற்றிப் பேச வேண்டும், எங்கள் தேரையும் ஒரு பார்வை பார்த்துச் சரி செய்து தர வேண்டும் என்றார். ஒரு பார்வைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை போய் இறங்கினேன். நடராஜன் பூங்கொத்தோடு நின்றார். அதுவரை எல்லாம் சரி. வெளியே வந்தால், காரை எந்த மாடியில் நிறுத்தினோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினோம். அவர் சாவியைத் தலைக்கு மேலே தூக்கி அமுக்கிக்கொண்டே நடந்தார், எங்கேயாவது ‘கீக்’ என்று கேட்கிறதா என்று. ஊரார் கார்கள் எல்லாம் கத்தின, எங்களுடையது மட்டும் வாயைத் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, முதலில் தேடிய மாடியிலேயே அது கிடைத்தது.

காரில் ஏறியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், ஒரு சின்னப் பிரச்சினை. கிருஷ்ணரை ராஸ் லஃபானுக்கு அனுப்பிட்டாங்க."

"எங்க?"

"கத்தார்ல மேடம். கேஸ் ப்ளான்ட். ஷட்டவுன் வேலைன்னு நேத்து ராத்திரி அவர் கம்பெனியில ஃப்ளைட் ஏத்திட்டாங்க. மாசக் கடைசிலதான் வருவார்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாடகம். அர்ஜுனன் வேஷம் அவருக்குத்தான். தேர் தயாராகிக்கொண்டிருக்கிறது, வில் இருக்கிறது, ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஷார்ஜா வீட்டில் அவர் மனைவி உமா எனக்காக எங்கள் ஊர்ச் சொதிக் குழம்பு வைத்திருந்தாள். என் மாமியார் அதை ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் என்னைத் தள்ளி வைத்துவிட்டு உமாவை மருமகளாக எடுத்துக்கொண்டிருப்பார். சாப்பிடும்போது அவர்களுடைய மகள் தியா, "ஆன்ட்டி, சாரியட்ல சீட் பெல்ட் இருக்குமா?" என்று கேட்டாள். சீட் பெல்ட் இல்லை கண்ணு, ரோமாபுரிப் பந்தயத்தில் ஓட்டுகிறவன் கடிவாள வாரை இடுப்பிலேயே சுற்றிக் கட்டிக்கொள்வான், தேர் கவிழ்ந்தால் அறுத்துக்கொண்டு தப்பிக்க ஒரு கத்தி வைத்திருப்பான் என்றேன். "ஓ மை காட், சோ அன்சேஃப்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். என் ஆராய்ச்சிக்கு வந்த முதல் மதிப்புரை.

"மேடம், வாட்ஸாப் குரூப்ல போட நீங்களே ஒரு ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன். நான் எழுதினா சைட் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்," என்றார் நடராஜன். என்னை எழுதச் சொன்னால் போதுமே, தலை கால் புரியாது. பேனா எடுத்து, நாலு தடவை அடித்துத் திருத்தி, இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"அர்ஜுனனுக்கு உடனடியாகச் சாரதி தேவை. நிதானமும் பேச்சுச் சாதுரியமும் அவசியம். நெருக்கடியில் பதறாதவராக இருக்க வேண்டும். வியாழன் மாலை ஐந்து மணிக்கு நேரில் வரவும்."

அதற்குக் கீழே, துபாய் கராமாவில் ஒத்திகை நடக்கிற இடத்தின் முகவரி. "பிரமாதம் மேடம்!" என்று நடராஜன் உடனே குரூப்பில் தட்டிவிட்டார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை தேரைப் பார்க்கச் சோனாப்பூருக்குக் கிளம்பினேன். நடராஜனுக்கு டியூட்டி, அதனால் டாக்சி. ஓட்டியவர் பெஷாவர்க்காரர், தாடிக்குள்ளிருந்து நன்றாகப் பேசினார். சோனாப்பூரில் தொழிலாளர் கேம்ப்தானே இருக்கிறது, உங்களுக்கு அங்கே என்ன வேலை சகோதரி என்று ஹிந்தியில் கேட்டார். என் ஹிந்தி பள்ளிக்கூடப் பரீட்சையோடு நின்றுபோன ஹிந்தி. ரதம் பார்க்க வேண்டும் என்பதை "ராத் தேக்னா ஹை" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராத்திரியைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதே சகோதரி," என்றார். இரண்டு கையையும் சக்கரம் மாதிரிச் சுழற்றி, குதிரை மாதிரிக் கனைத்தும் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

நெடுஞ்சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்பது போலப் பளபளத்தது. கிட்டே போகப் போக ஓடிப் போனது. கானல் நீருக்குப் பழந்தமிழில் பேய்த்தேர் என்று பெயர். நிற்காமல் ஓடுகிற, ஏறவே முடியாத தேர். அதை அவரிடம் சொல்ல நாக்குத் துடித்தது. பேயை வேறு இழுத்தால் நடுரோட்டில் இறக்கிவிடுவார் என்று பேசாமல் வந்தேன்.

கேம்ப் வாசலில் மாரிமுத்து காத்திருந்தார். பரமக்குடிப் பக்கம், தச்சு வேலை, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் ஃபோர்மேன். நடராஜனிடம் வேலை பார்க்கிறவர், அந்த வாரம் ராத்திரி டியூட்டி. அவரும் அவர் அறைக்காரர்களும் டியூட்டி முடிந்து வந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேரைக் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டட சைட்டில் விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டுகிற பேட்டரி வண்டியை இரவல் வாங்கி, அதன்மேல் பிளைவுட் அடித்து, தங்கத் தாள் ஒட்டி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். "பாருங்க மேடம்," என்று தார்ப்பாயை உருவினார்.

மூன்று நிலை. நாலு மூலையிலும் யாளி. மேலே குடை, குடைக்கு மேலே கலசம். எங்கள் ஊர் ரத வீதியில் நிறுத்தினால் ஜனங்கள் விழுந்து கும்பிட்டுவிட்டு வடம் எங்கே என்று கேட்பார்கள்.

"ஐயா, இது சாமி தேருல்லா! நமக்கு வேண்டியது சண்டைத் தேரு," என்றேன்.

"தேர்னா இதுதானே மேடம்?"

போர்த்தேர் லேசாக இருக்க வேண்டும், இரண்டே சக்கரம், பின்பக்கம் திறந்திருக்கும், எகிப்தியர் தேரை ஒரே ஆள் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு பாடம் நடத்தினேன். மாரிமுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "ஒரு ஆளு தூக்கிட்டுப் போறதுக்குப் பேரு தேரா மேடம்? அது சைக்கிளு," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது.

நல்ல வேளையாக நடராஜன் போனில் வந்தார். மண்டபத்து வாசலின் உயரம் இரண்டரை மீட்டர் என்றார். மாரிமுத்து டேப்பைப் போட்டு அளந்தார். தேர் மூன்றே கால். சரித்திரம் சொன்னதைக் கேட்காதவர் டேப் சொன்னதைக் கேட்டார். மேல் இரண்டு நிலையும் ரம்பத்துக்குப் போயின. அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், கலசத்தை மட்டும் முன்பக்கம் ஒரு கம்பில் குத்திக்கொள்ளலாம் என்று நானே விட்டுக்கொடுத்தேன். உலகத்தில் எந்தப் போர்த்தேரிலும் கலசம் கிடையாது. யாரிடமும் சொல்லாதீர்கள்.

மத்தியானம் அங்கேயே கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். எட்டுப் பேர் படுக்கிற அறையில் எனக்கு ஒரு கட்டிலை ஒழித்துக் கொடுத்து உட்கார வைத்தார்கள். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது ஓர் ஆள் கேட்டார், "மேடம், சண்டையில தேரை எப்படி ரிவர்ஸ் எடுத்திருப்பாங்க?" எனக்குக் கை வாய்க்குப் போகவில்லை. இருபத்தைந்து வருஷமாகத் தேரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. வளைத்துத் திருப்பத்தான் முடிந்திருக்கும் என்று மழுப்பினேன். "அப்ப சந்துக்குள்ள மாட்டினா செத்தான்," என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை குங்குமப்பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கழிமுகத்தைப் படகில் கடக்க வேண்டும். அக்கரை போனதும் எல்லோரும் குதித்து இறங்கினார்கள். நான் புடவையைப் பிடித்து, பையைப் பிடித்து, செருப்பைப் பிடித்து எழுவதற்குள் புதுக் கூட்டம் ஏறிப் படகு திரும்பிவிட்டது. இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை படகோட்டியே என் கையைப் பிடித்துக் கரையில் நட்டுவிட்டுப் போனார்.

மாலை கராமாவில், ஓர் உணவு விடுதியின் மாடியில் ஒத்திகை. நடராஜன் கிரீடத்தை மாட்டி அளவு பார்த்தார். மாட்டியது சரி, கழற்ற வரவில்லை. உமா தேங்காய் எண்ணெய் வாங்கக் கீழே ஓடியிருந்தாள். அந்த நேரத்தில் ஒருவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு ஃபைல்.

"வணக்கம். விளம்பரம் பாத்து வந்தனான். அர்ஜுனன் சேர் இருக்கிறாரோ?"

நடராஜன் நெஞ்சைத் தட்டி, "நான்தான் அர்ஜுனன். உக்காருங்க, உங்க பேரு?" என்றார்.

"யோகநாதன், சேர். யாழ்ப்பாணம், சாவகச்சேரி."

"முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

"பதினாலு வருசமா இதுதான் சேர் தொழில்."

நடராஜன் என்னைப் பார்த்தார். யோகம் அடித்துவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். "எங்கெங்க பண்ணியிருக்கீங்க?"

"துபாய், ஷார்ஜா, ஃபுஜைரா மலைப்பக்கம் எல்லாம். ஓமானுக்கும் நாலஞ்சு தரம் போய் வந்தனான்."

"பேச்சு நல்லா வருமா? இதுல பேச்சுதான் முக்கியம்."

"அரபு, ஹிந்தி, இங்கிலீஷ், சிங்களம் நாலும் கதைப்பன்."

"நடுவுல அர்ஜுனன் மனசு உடைஞ்சு போயிருவான். எனக்கு இது வேண்டாம்னு உக்காந்துருவான். நீங்கதான் தேத்தி எழுப்பணும்."

யோகநாதன் கொஞ்சம் யோசித்தார். "முந்தின முதலாளியும் அப்பிடித்தான் சேர். ட்ராஃபிக்கில நிக்கேக்க அழுவார். நான் ஆறுதல் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவன்."

"நாலு குதிரை இருக்கு."

"நாநூறு எண்டாலும் ஓடுவன் சேர்."

நடராஜன் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கே வரணும், முடியுமா?" என்றார். இப்போதே வரச் சொன்னாலும் வருகிறேன் என்று யோகநாதன் ஃபைலைத் திறந்து லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் பாஸ்போர்ட் பிரதியை வைத்தார். "விசா எப்ப சேர் அடிப்பீங்கள்?" என்றார்.

ஐயோ, என் மடத்தனமே! எங்கள் பக்கம் சாரதி என்றால் ஒருத்தர்தான், அவரும் கோயிலுக்குள் இருக்கிறார். இலங்கையில் பஸ் ஓட்டுகிறவர் சாரதி, லாரி ஓட்டுகிறவர் சாரதி, பத்திரிகையில் ‘சாரதி தேவை’ என்று போட்டால் டிரைவர் வேலை காலி என்று அர்த்தம். இது தெரியாதவளா நான்? பத்துப் பன்னிரண்டு இலங்கைக்காரர்கள் என்னிடம் படித்திருக்கிறார்கள். எங்கள் குரூப்பில் போட்டதை யாரோ தூக்கி இன்னொரு குரூப்பில் போட்டு, அது இவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விஷயத்தை நான்தான் சொன்னேன். நான் டீச்சர் என்றேன், நாடகம் என்றேன், கிருஷ்ணர் என்றேன். யோகநாதன் நடராஜன் தலையில் இருந்த கிரீடத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"தொப்பியைக் கண்டனான். கேக்கக் கூடாதெண்டு விட்டிட்டன். முதலாளிமார் எப்பிடி எப்பிடியோ இருக்கினம் தானே," என்றார். சிரிக்கக்கூட முயற்சி செய்தார். பிறகு லைசென்ஸை எடுத்து ஃபைலுக்குள் வைத்தார்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா ரத்து. கஃபீல் என்கிற விசா முதலாளி வேறு ஒருத்தர் கிடைத்துப் புது விசா அடிக்க இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தமிழ் முதலாளி கூப்பிட்டிருக்கிறார், நிச்சயம் கிடைக்கும் என்று மனைவியிடம் போன் பண்ணிச் சொல்லிவிட்டு வந்தாராம். நான் எழுதிய இரண்டு வரி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது.

"நான் உங்களுக்கு ஒரு வேலை பிடிச்சுத் தாரேன்," என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு விமானம். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் நடராஜனும், ஒரு குங்குமப்பூக் கடைக்காரரும். நான் எப்படிப் பிடித்துத் தருவேன்? ஆனால் வாய் சொல்லிவிட்டது.

நடராஜனுக்கு அவர் கவலை. "வந்ததுதான் வந்தீங்க, அண்ணே. பேட்டரி வண்டி, ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். நாளைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று இழுத்தார். நான் அவரை முறைத்தேன். யோகநாதன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "டீச்சர் தேடுறன் எண்டு சொல்லுறா. நானும் என்னால ஏலுமானதைச் செய்யிறன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க நடராஜனின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதில் இருந்த பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டேன். நான் யார் என்று விளக்கவே ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் "சிவி அனுப்பச் சொல்லுங்க மேடம்" என்றார்கள். மத்தியானத்துக்குள் சிவியை இருபது பேருக்கு அனுப்பியாகிவிட்டது. ஒருத்தரும் திருப்பிக் கூப்பிடவில்லை.

மாலை விழா. மண்டபம் நிறைந்துவிட்டது. குடும்பங்கள் முன்னால், சோனாப்பூர் ஆட்கள் இரண்டு பஸ்ஸில் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் மண்டபத்துக்குச் சொந்தக்காரரான அரபுப் பெரியவர், வெள்ளை அங்கியில், மரியாதைக்காக வந்து உட்கார்ந்திருந்தார். என் அரை மணி நேரப் பேச்சை ஏழு நிமிஷமாக்கச் சொல்லி நடராஜன் பக்கவாட்டிலிருந்து சைகை காட்டினார். எகிப்தில் ஆரம்பித்தவள் கிரேக்கத்தைத் தொடாமலே இறங்கினேன். பெரியவர் கண்ணை மூடியிருந்தார்.

தேர் வாசல் வழியாக வந்து, நடுப்பாதையில் ஓடி, பலகைச் சரிவில் ஏறி மேடைக்குப் போக வேண்டும். வந்தது. முன்னால் நாலு அட்டைக் குதிரை, நீல முகத்தோடு யோகநாதன் நேராக உட்கார்ந்து ஓட்டினார், பின்னால் நடராஜன் வில்லோடு நின்றார். விசில் பறந்தது. மேடைக்கு எதிரே தேர் நின்றதும் அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். இப்போது கிருஷ்ணர் நடராஜன் எழுதிய செந்தமிழில் ஒன்றரைப் பக்கம் பேச வேண்டும். யோகநாதன் முதல் வரியைச் சொன்னார், இரண்டாவது வரி மறந்துவிட்டது. அவர் திரும்பி நடராஜனைப் பார்த்தார்.

"அருச்சுனா, எழும்பு. ஏன் இதில குந்திக்கொண்டு இருக்கிறாய்? வீட்டை நினைச்சு அழுகை வருதோ? எல்லாருக்கும்தான் வருது. வந்த வேலையைப் பார்."

மண்டபத்தின் பின்பக்கம் ஆரவாரத்தில் இடிந்தது. சோனாப்பூர் ஆட்கள் நாற்காலிமேல் ஏறிக் கை தட்டினார்கள். மாரிமுத்து துண்டைச் சுழற்றினார். நடராஜனுக்குக் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது, எழுந்து நின்றார். தேர் சரிவில் ஏறியது. பாதி ஏறியதும் மடார் என்று ஒரு பலகை உடைந்து, இடது சக்கரம் உள்ளே இறங்கியது.

சக்கரம் புதைய வேண்டியது கர்ணனுக்கு, அதுவும் கடைசிக் காட்சியில். அர்ஜுனனுக்கு முதல் காட்சியிலேயே புதைந்துவிட்டது. மேடையில் தயாராக நின்ற கர்ணன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். தேர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கலசம் சீரியல் விளக்கு வயரில் மாட்டிக்கொண்டது. பின்னால் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க நெருங்கிவிட்டார்கள். தேர் சறுக்கினால் பிள்ளைகள் மேல்தான்.

"அசையாம நில்லுங்கோ சேர்," என்றார் யோகநாதன். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ஒரு கையை நீட்டி, "பிள்ளையள், ரெண்டு பக்கமும் ஒதுங்குங்கோ, கெதியா," என்றார். பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். வண்டியை ஒரு சாண் முன்னே தள்ளிச் சக்கரத்தை எழுப்பினார். வயரிலிருந்து கலசம் தானாக விடுபட்டது. அப்படியே பின்னோக்கிச் சரிவில் இறங்கி, நடுப்பாதை முழுவதும் ரிவர்ஸிலேயே போய், இரண்டு பக்கமும் நாலு விரல் இடம்கூட இல்லாத வாசலில் நூல் பிடித்த மாதிரி வெளியே போனார். ஒரு நாற்காலி உரசவில்லை. "ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று பின்வரிசை கத்தியது. மாரிமுத்து ஆட்கள் இரண்டு நிமிஷத்தில் பலகையை மாற்றினார்கள். தேர் மறுபடி வந்து, மேடை ஏறி, போர் முடிந்து, கர்ணன் சிரித்துக்கொண்டே செத்தான்.

நாடகம் முடிந்ததும் அரபுப் பெரியவர் மேடைப் பக்கம் வந்தார். நன்றாக விழித்திருந்தார். நீல முகத்தைக் காட்டி, "யார் இது?" என்று அரபியில் கேட்டார். நடராஜன் பதறிப்போய், "சார், ஹீ இஸ் காட்," என்றார்.

"லா, லா," என்று பெரியவர் தலையை ஆட்டினார். இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார். "சவ்வாக்! சவ்வாக்!"

நாங்கள் முழித்தோம். யோகநாதன் முன்னே வந்து அரபியில் பதில் சொன்னார். இருவரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பொறுமை போய், "என்னங்க சொல்லுதாரு?" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"சவ்வாக் எண்டால் சாரதி, டீச்சர். இவரிட்டைப் பந்தய ஒட்டகம் இருக்காம். பந்தயத்தில பக்கத்தில கார் ஓட்ட ஆள் தேடுறாராம். இருந்தவன் ரோட்டைப் பாக்காமல் ஒட்டகத்தைப் பாத்து ரெண்டு தரம் வேலியில இடிச்சுப்போட்டானாம். நாளைக்கு விடிய வரட்டாம். நான் கார் ஓடிக் காட்டினாப் பிறகு சொல்லுவாராம்."

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் நடராஜனின் காரில் போனோம். நடராஜன் வரவில்லை, கிரீடத்தால் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. வழி முழுக்க யோகநாதன்தான் ஓட்டினார். ஒரே தடவை, "இண்டையோட இன்னும் ஏழு நாள், டீச்சர்," என்றார்.

பந்தயத் திடலில் கூடாரத்துக்குள் உட்கார வைத்து காவா என்கிற காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். குடித்தேன். உடனே ஊற்றினார்கள். மரியாதைக்குக் குடித்தேன். மறுபடி ஊற்றினார்கள். ஏழாவது கிண்ணத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. "கிண்ணத்தை ஆட்டிக் காட்டுங்கோ டீச்சர், இல்லாட்டி நிப்பாட்ட மாட்டினம்," என்றார் யோகநாதன். அதை முதல் கிண்ணத்தில் சொல்லக் கூடாதா? ஆனால் அவர் கிண்ணத்தில் காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. திட்ட மனசு வரவில்லை.

ஒட்டகத்தின் முதுகில் ஆள் இல்லை, ஒரு சின்ன இயந்திரம். அதற்குச் சட்டை, தொப்பி, சுழலுகிற சாட்டை. திடலை ஒட்டிய சாலையில் சொந்தக்காரர்கள் காரில் கூடவே போய், ரேடியோவில் ஒட்டகத்துக்கு ஆணை போடுவார்கள், பொத்தானை அமுக்கிச் சாட்டையைச் சுழற்றுவார்கள். பெரியவர் முன் சீட்டில் ஏறினார். யோகநாதன் ஸ்டியரிங்கில் கை வைத்தார். என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஒட்டகங்களை மறித்திருந்த திரை எழுந்தது. இருபது ஒட்டகம் ஓட, முப்பது கார் கூட ஓடியது. முன்னால் கார், பின்னால் கார், இடது கதவை உரசிக்கொண்டு கார். ஒருத்தனும் சாலையைப் பார்க்கவில்லை, எல்லோரும் ஒட்டகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். பெரியவர் ரேடியோவில் "யல்லா! யல்லா!" என்று அலறினார். ஒட்டகம் பின்தங்கினால் யோகநாதனின் தோளில் அடித்தார், முந்தினாலும் அடித்தார். ஒரு கார் திடீரென்று குறுக்கே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாங்கள் அதே ஒட்டகத்துக்கு நேர் பக்கத்தில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். யோகநாதன் ஒட்டகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவரின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டே வேகத்தைக் கூட்டினார், குறைத்தார்.

கிரேக்கத்துத் தேர்ப்பந்தயத்தில் பரிசு குதிரைக்குச் சொந்தக்காரனுக்குத்தான் போகும். ஓட்டினவன் பெயரை அநேகமாக யாரும் எழுதி வைக்கவில்லை. நானும்தான் எழுதவில்லை. என் புத்தகத்தில் சக்கரத்துக்கு ஓர் அத்தியாயம், அச்சுக்கு ஓர் அத்தியாயம், தேரோட்டிக்கு ஒன்றரைப் பக்கம். அந்தக் காரில் உட்கார்ந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு, அதற்காக நான் வெட்கப்பட்டேன்.

எங்கள் ஒட்டகம் எட்டாவதாக வந்தது.

கார் நின்றது. பெரியவர் ரேடியோவைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றார். யோகநாதன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எட்டாவதாக வந்தது ஒட்டகத்தின் குற்றம், இவர் குற்றமா? இறங்கிப் போய்ச் சண்டை போடலாமா என்று இருந்தது எனக்கு. எந்த மொழியில் போடுவது என்று தெரியாததால் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் திரும்பி வந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னார். யோகநாதன் முகம் அசையவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"பாஸ்போட் கொப்பி கேக்கிறார், டீச்சர்."

"எதுக்கு?"

"விசா அடிக்க."

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து வைத்திருந்தார். கொடுத்துவிட்டு இறங்கி, காருக்குப் பின்பக்கம் போய், யாருக்கும் முகம் தெரியாமல் மணலைப் பார்த்து நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. இங்கே நான் பின் சீட்டில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்புகிறேன்.

பெரியவருக்குத் திகைப்பாகிவிட்டது. அவர் ஒட்டகம் தோற்றிருக்கிறது, அழ வேண்டியவர் அவர். என்னைக் காட்டி யோகநாதனிடம் ஏதோ கேட்டார். யோகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே சொல்லில் பதில் சொன்னார். பெரியவர் என் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

"என்ன கேட்டாரு?"

"நீங்கள் எனக்கு யாரெண்டு கேட்டவர், டீச்சர்."

"என்ன சொன்னீங்க?"

"அக்கா எண்டு சொல்லிப்போட்டன்." கொஞ்சம் தயங்கினார். "பிழையோ?"

எங்கள் ஊரில் இதற்குத் தப்பில்லை என்றுதான் சொல்லுவோம்.

"பிழையில்லை," என்றேன்.